சவாலும் சுஆலும்

“உஸ்தாதுக்கே சவால் விடுகிறாயா?”

இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன், குன்னூரில் ஓர் ஐப்பசி மழை இரவில், என்முன் அமர்ந்து ஓதிக்கொண்டிருந்த பிள்ளை ஒருவனை நோக்கி நான் உதிர்த்த சொற்கள் இவை. அவன் செய்த குற்றம் ஒரு கேள்வி கேட்டதுதான். திருமறை தன் எதிரிகளை நோக்கி, இது போன்ற ஓர் அத்தியாயத்தையேனும் கொண்டுவந்து காட்டுங்கள் என்று அழைக்கிறதே, அதற்கு ‘தஹத்தீ’ என்று பெயர் என நான் பாடம் சொல்லிக்கொண்டிருந்தேன். “ஹஜ்ரத், அந்தத் ‘தஹத்தீ’ என்ற சொல் குர்ஆனில் எந்த சூராவில் வருகிறது?” என்று அவன் கேட்டான். எனக்கு விடை தெரியவில்லை. தெரியாததை மறைக்கக் கோபத்தைப் போர்வையாக்கிக் கொண்டேன். பிள்ளை தலையைத் தாழ்த்திக்கொண்டான். அன்றிரவே கிதாபுகளைப் புரட்டினேன். அச்சொல் திருமறையில் எங்கும் இல்லை. பின்வந்த அறிஞர்கள் அந்த அழைப்புக்கு இட்ட பெயரே அது. ஆயினும் மறுநாள் அவனிடம் அதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அந்தப் பிள்ளை இன்று கூடலூர்ப் பகுதியில் வழக்கறிஞர். அண்மையில் என்னைக் காண வந்திருந்தார். தோட்டத் தொழிலாளர்களும் சிறு விவசாயிகளும் கூடும் ஒரு கூட்டத்தில், ஒரு வழக்கின் தீர்ப்பைத் தமிழில் விளக்க வேண்டியிருந்ததாம். தீர்ப்பில் ‘சேலஞ்ச்’ என்ற ஆங்கில வினைச்சொல் மீண்டும் மீண்டும் வருகிறது. செய்தித்தாள்களைப் பின்பற்றி, “சட்டத்தைச் சவால் செய்தார்” என்று அவர் சொல்ல, கூட்டத்திலிருந்த முதியவர் ஒருவர், “சர்க்காரோடு சண்டைக்கா போகச் சொல்கிறீர்கள்?” என்று அஞ்சிக் கேட்டாராம். “இச்சொல்லுக்குத் தமிழில் என்ன சொல்வது ஹஜ்ரத்?” என்பது அவர் என்னிடம் கொண்டுவந்த வினா. இம்முறை கோபிக்காமல் விடை தேட முற்பட்டேன். அத்தேடலின் பயனே இக்கட்டுரை.

ஆங்கிலச் சொல்லின் வரலாறு

‘சேலஞ்ச்’ என்னும் சொல் பிரெஞ்சு மொழி வழியாக ஆங்கிலத்தை அடைந்தது. அதன் வேர் ‘கலும்னியா’ என்னும் லத்தீன் சொல். பொய்க் குற்றச்சாட்டு, அவதூறு என்பது அதன் பொருள். அவதூறைக் குறிக்கும் ‘காலம்னி’ என்ற ஆங்கிலச் சொல்லும் இதன் உடன்பிறப்பே. ஆங்கிலத்தில் புகுந்த காலத்தில் ‘சேலஞ்ச்’ என்றால் குற்றம் சாட்டுதல் என்றே பொருள். குற்றம் சாட்டப்பட்டவன் தன் மானத்தைக் காக்க எதிர்நிற்பான். அதனால் சண்டைக்கு அழைத்தல் என்ற பொருள் வந்தது. பின்பு போட்டிக்கு அழைத்தல், ஒன்றின் செல்லுந்தன்மையை மறுத்து வினவுதல் எனக் கிளைத்தது. இக்காலத்தில் வெறுமனே ‘கடினமான பணி’ என்னும் அளவுக்கு அது நீர்த்துப் போயிற்று. நம் அலுவலகத் தமிழில் ‘சவாலான பணி’ என்று எழுதுவது அந்த நீர்த்த பொருளின் நகலேயாகும்.

இதனோடு சேர்த்து எண்ணப்படும் ‘டிஃபை’ என்ற சொல்லின் வரலாறும் நம் சிந்தனைக்குரியது. அதன் வேரில் இருப்பது நம்பிக்கை அல்லது விசுவாசம் என்று பொருள்படும் லத்தீன் சொல். தலைவனுக்குத் தான் அளித்த விசுவாசப் பிரமாணத்தை முறித்துக்கொள்வதாக அறிவிப்பதே அதன் பழம்பொருள். ஆகவே அதைத் தமிழில் ‘மீறுதல்’ என்பதே பொருந்தும். ‘டேர்’ என்பது மூன்றாவது. துணிதல் என்பது அதன் அடிப்பொருள். பிறனைத் துணியச் சொல்லித் தூண்டுதல் வழிப்பொருள். ‘முடிந்தால் செய்து பார்’ என்று நம் சிறுவர் தெருவில் சொல்வது இதுவே. இம்மூன்றையும் ‘சவால்’ என்ற ஒரே சாக்கில் கட்டித் தூக்குவது இன்றைய மொழிபெயர்ப்பாளர் பலரின் வழக்கமாகிவிட்டது.

‘சேலஞ்ச்’ என்பதற்கு அகராதிகள் தரும் இன்னொரு பொருளை நான் ஏட்டில் படிப்பதற்கு முன்பே சாலையில் கற்றேன். இளமையில், ஒரு ரமளான் இரவில் தராவீஹ் முடித்துவிட்டு, வெலிங்டன் படைவீட்டு மதிலையொட்டி நடந்து வந்துகொண்டிருந்தேன். மூடுபனியில் எதிரே கை நீட்டினால் கை தெரியாது. திடீரென “தம்! கோன் ஹை?” என்று ஒரு குரல். நின்றுவிட்டேன். பெயரைச் சொன்னேன், எங்கிருந்து வருகிறேன் என்பதைச் சொன்னேன். “ஜாயியே” என்றார் காவலர். சென்னைப் படைப்பிரிவின் மையத்தில் பணியாற்றி ஓய்வுபெற்ற ஹவில்தார் ஒருவரிடம் இதைச் சொன்னபோது அவர் சிரித்துக்கொண்டே, “ஹஜ்ரத், உங்களை அவர் ‘சேலஞ்ச்’ செய்தார். எங்கள் பாஷையில் அதற்கு அதுதான் பெயர்” என்றார்.

இது எனக்குப் பெரும் வியப்பைத் தந்தது. அந்தக் காவலர் என்மீது குற்றம் சாட்டவில்லை. என்னை மோதலுக்கு அழைக்கவுமில்லை. யார் என்று கேட்டார். கேட்டுவிட்டு விடைக்காகக் காத்து நின்றார். விடை கிடைத்ததும் வழிவிட்டார். வெள்ளையர் காலத்தில் ‘ஹூ கம்ஸ் தேர்?’ என்ற இதே வினாவை இந்தியச் சிப்பாய்கள் ‘ஹுக்கும்தார்’ என்று ஒலித்தார்கள் என்பர். ‘யார் வருவது’ என்ற கேள்வி, நா புரண்ட மாத்திரத்தில், அரபு ‘ஹுக்ம்’ என்ற ஆணையும் பாரசீக ‘தார்’ என்ற உடைமை விகுதியும் சேர்ந்தாற்போல் ‘ஆணையுடையோன்’ என்று தொனிக்கத் தொடங்கிவிட்டது. கேள்வி அதிகாரமாக மாறிய கதை அது. நாம் பேச எடுத்துக்கொண்ட சொல்லின் கதையும் ஏறக்குறைய அதுவே.

ஒட்டகப் பாட்டிலிருந்து பிறந்த சொல்

இனி அரபு மொழிக்கு வருவோம். ‘தஹத்தீ’ என்ற சொல்லுக்கு இமாம் ஸமக்ஷரீ (இறப்பு 1144) தம் ‘அஸாஸுல் பலாகா’ என்னும் அகராதியில் காட்டும் மூலம் இனிமையானது. ஒட்டகங்களை ஓட்டிச் செல்வோர் அவை களைப்பின்றி நடைபோடப் பாடும் பாட்டு உண்டு. அப்படிப் பாடும் இரு ஓட்டிகள் ஒருவரையொருவர் விஞ்சப் பாடுவதே ‘தஹத்தீ’யின் அடிப்பொருள் என்கிறார் அவர். ஆங்கிலச் சொல் அவதூறிலிருந்து பிறந்தது. அரபுச் சொல்லோ பாட்டிலிருந்து பிறந்தது. ஒருவன் பாடுகிறான், மற்றவனும் முடிந்தால் அதனினும் நன்றாகப் பாட வேண்டும். போட்டியில் எவன் வென்றாலும் வழி நடப்பதென்னவோ கூட்டம் முழுவதும்தான்.

அந்தப் பாட்டுக்கும் ஓர் எல்லை உண்டு. அன்ஜஷா (ரலி) என்னும் ஓட்டி பாடிய வேகத்தில் ஒட்டகங்கள் விரைந்தபோது, அவற்றின்மீது பெண்கள் அமர்ந்திருப்பதைச் சுட்டி, கண்ணாடிக் கலங்களைப் போன்றோரை ஏற்றிச் செல்கிறாய், மெதுவாகச் செல் என அண்ணல் நபி (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியதை ஹதீஸ் நூல்கள் கூறும். போட்டி எவ்வளவு இனிதாயினும் உடன் வருவோர் உடைந்துவிடக் கூடாது.

திருமறையின் அழைப்பு இப்பொருளுக்கு எத்துணைப் பொருத்தமாக அமைந்திருக்கிறது என்பதை நோக்குங்கள். பனூ இஸ்ராயீல் அத்தியாயம் (17:88) மனிதரும் ஜின்களும் ஒன்று சேர்ந்தாலும் இதைப் போன்றதைக் கொண்டுவர இயலாது என்கிறது. ஹூது அத்தியாயம் (11:13) பத்து அத்தியாயங்களை மட்டும் கேட்கிறது. யூனுஸ் (10:38), பகரா (2:23) ஆகியவை ஒரே ஓர் அத்தியாயத்தைக் கேட்கின்றன. துணைக்கு வேண்டியவர்களை அழைத்துக்கொள்ளும் உரிமையும் எதிரிக்கு வழங்கப்படுகிறது. ஐயம் உடையவனை வாயடைக்கச் சொல்லாமல், பேசு என்று அழைக்கும் அழைப்பு இது. அதனால்தான் இது பேரிலக்கியத் திறனாய்வு ஒன்றையே பெற்றெடுத்தது. பாகில்லானீ, அப்துல் காஹிர் ஜுர்ஜானீ போன்ற மேதைகள் ‘இஃஜாஸ்’ குறித்து எழுதிய நூல்கள், சொல் ஏன் சிறக்கிறது, தொடர் எங்ஙனம் அழகு பெறுகிறது என்ற வினாக்களுக்கு விடை தேடியவை. ஓர் அழைப்புக்கு நூறாண்டுகள் கடந்தும் விடை தேடும் உள்ளங்கள் இருந்தமையால் விளைந்த செல்வம் அது.

தமிழில் மூன்று சொற்கள்

தமிழில் நமக்கு ‘அறைகூவல்’ உண்டு. அறைதல் என்பது பறையறைதல் போல உரக்க அறிவித்தல். கூவல் என்பது அழைப்பு. பழந்தமிழில் போருக்கு அழைப்பதைக் குறித்த இச்சொல், இன்று கட்சித் தலைவர்கள் தம் தொண்டரைப் போராட்டத்துக்கு அழைப்பதையே பெரிதும் குறிக்கிறது. எதிரியை அழைத்த சொல் தன்னவரை அழைக்கும் சொல்லாயிற்று.

‘வஞ்சினம்’ வேறு வகை. தலையாலங்கானத்துச் செருவென்ற நெடுஞ்செழியன் புறநானூற்றில் சொல்வது வஞ்சினம். இதைச் செய்யேனாயின் இன்ன பழி எனக்கு வருக என்று தன்னையே பிணைத்துக்கொள்ளும் சபதம் அது. பிறன் விடை சொல்ல வேண்டியதில்லை. தன் செயலே விடை.

மூன்றாவதுதான் ‘சவால்’. இது நம் மத்ரஸாப் பிள்ளைகள் நாள்தோறும் ஓதும் ‘சுஆல்’ என்ற அரபுச் சொல். பாரசீக, உருது வழியே ‘சவால்’ ஆகித் தமிழில் புகுந்தது. அரபில் இதற்குக் கேள்வி என்பதைத் தவிர வேறு கடுமையில்லை. உருதுவிலும் இன்றுவரை கேள்வியே. மலாய் மொழியில் ‘சோவால்’ என்றால் கேள்வி. ‘சோவால் ஜவாப்’ என்றால் வினாவிடை. தமிழிலும் அண்டையிலுள்ள தெலுங்கு, கன்னடத்திலும்தான் அது போட்டிக்கு அழைப்பதாயிற்று. 1971இல் வந்த ‘சவாலே சமாளி’ திரைப்படத்தின் பெயரைக் கேட்ட எவர் மனத்திலாவது ‘கேள்வியே விடை சொல்’ என்ற பொருள் தோன்றியிருக்குமா?

இம்மாற்றம் எவ்வாறு நேர்ந்திருக்கும்? என் கருத்து இது. மராட்டியர் தஞ்சையை ஆண்ட காலத்தில் லாவணிக் கலை தமிழகத்தில் வேரூன்றியது. ‘எரிந்த கட்சி’, ‘எரியாத கட்சி’ என இரு அணியாகப் பிரிந்து, மன்மதன் எரிந்தானா இல்லையா என்று பாட்டால் வாதிடுவார்கள். ஒருவன் சவாலைப் பாடுவான், மற்றவன் ஜவாபைப் பாடுவான். கூட்டம் ஆரவாரிக்கும். ஆரவாரத்தில் கேள்வியின் பொருள் மறைந்து, கேள்வி கேட்டவனின் மிடுக்கு மட்டும் நினைவில் நின்றிருக்க வேண்டும். சவால் தங்கிற்று, அதன் இணையான ஜவாப் உதிர்ந்துவிட்டது. ‘ஜவாப்தாரி’ என்று நம் பாட்டன்மார் சொல்வார்களே, விடை சொல்லக் கடமைப்பட்டவன் என்று, அச்சொல்லும் இன்று வழக்கில் அருகிவிட்டது. அரபிலும் பொறுப்பாளனுக்கு ‘மஸ்ஊல்’, அதாவது ‘வினவப்படுபவன்’ என்றே பெயர். மேய்ப்பன் தன் மந்தையைக் குறித்து வினவப்படுவான் என்ற நபிமொழியில் வரும் சொல்லும் இதுவே. சுஆல் என்ற வேரிலிருந்துதான் இந்தப் பொறுப்பும் முளைக்கிறது.

மசலா என்னும் இலக்கியம்

அதே வேரில் கிளைத்த இன்னொரு சொல்லை நம் முன்னோர் தமிழுக்கு ஓர் இலக்கிய வகையாகவே தந்துள்ளனர். அதுவே ‘மசலா’. சமையலறை மசாலாவோடு இதற்கு உறவில்லை. அது ‘மஸாலிஹ்’ என்ற வேறு அரபுச் சொல்லின் திரிபு. ‘மஸ்அலா’ என்றால் வினா, வினவப்படும் பொருள். 1572இல் வண்ணப் பரிமளப் புலவர் இயற்றி மதுரையில் அரங்கேற்றிய ‘ஆயிரம் மசலா’ இன்று நமக்கு முழுமையாகக் கிடைத்துள்ள இஸ்லாமியத் தமிழ்க் காப்பியங்களுள் பழமையானது. அரபில் தோன்றி, பாரசீகம், மலாய், ஜாவா மொழிகளிலும் பரவிய ஒரு கதையின் தமிழ் வடிவம் அது.

அதன் கரு என்ன? யூத மார்க்கத்தின் பேரறிஞர் இப்னு சலாம் (ரலி), நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் வினாக்களோடு வருகிறார். படைப்பைப் பற்றி, வானங்களைப் பற்றி, சுவர்க்க நரகத்தைப் பற்றி அடுக்கடுக்காகக் கேட்கிறார். ஒவ்வொன்றுக்கும் விடை வருகிறது. இறுதியில் அவர் இஸ்லாத்தை ஏற்கிறார். ஆயிரம் வினா என்பது காப்பியப் பெருக்கம். அவர் மூன்று வினாக்களைக் கேட்டார் என்பதே புகாரீ கிரந்தத்தில் உள்ள செய்தி. ஆயினும் காப்பியத்தின் உயிர் எண்ணிக்கையில் இல்லை. இன்றைய செய்தித்தாள் மொழியில் சொன்னால் இப்னு சலாம் நபிக்குச் ‘சவால் விட்டார்’. ஆனால் காப்பியத்தில் எங்கும் அவர் பகைவராகக் காட்டப்படவில்லை. கேட்பவருக்கும் மதிப்பு, சொல்பவருக்கும் மதிப்பு. அரபுச் சொற்களும் தமிழ்ச் செய்யுளும் நெருங்கி நிற்கும் அந்நூலின் நடை இன்றைய வாசகர்க்குக் கடினம். சில வினாக்கள் வெறும் புதிர்களாக நின்றுவிடுவதும் குறையே. எனினும், கேட்கும் உரிமையைக் காப்பியத்தின் அச்சாணியாக்கிய துணிவு பாராட்டத்தக்கது. ‘நூறு மசலா’வில் இளவரசி ஒருத்தி தன்னை மணக்க வந்தவனிடம் வினாத் தொடுக்கிறாள். ‘வெள்ளாட்டி மசலா’வில் அடிமைப் பெண் ஒருத்தி அவையறிஞர்க்கு விடையிறுக்கிறாள். கேட்கவும் சொல்லவும் பெண்ணுக்கும் அடிமைக்கும் அவையில் இடம் தந்த இலக்கியம் இது.

உமறுப் புலவரின் சீறாப்புராணத்தில் இதன் மறுபக்கத்தைக் காணலாம். அபூஜஹல் திமிஷ்கு மன்னன் ஹபீபை நபியவர்களுக்கு எதிராக வரவழைக்கிறான். மன்னன் மதியை அழைக்கச் சொல்கிறான். தசைக்கட்டியைப் பெண்ணுருவாக்கக் கேட்கிறான். இரண்டும் நிகழ்கின்றன. மன்னன் பணிகிறான். அபூஜஹலோ சூனியம் என்கிறான். இருவரும் கண்டது ஒன்றே. ஹபீபின் சவால் ஒரு சுஆல். விடைக்கு அதில் இடமிருந்தது. அபூஜஹலின் சவாலில் விடைக்கு இடமே இல்லை. புலவர் இவ்விருவரையும் ஒரே அவையில் நிறுத்தியது தற்செயலன்று என்பது என் துணிபு.

தமிழ் மரபுக்கும் இது புதிதன்று. பாண்டியன் அவையில் கண்ணகி வெறும் ஆவேசத்தோடு நிற்கவில்லை. தன் சிலம்பின் பரல் மாணிக்கம் என்று சோதித்தறியத்தக்க ஒன்றைச் சொன்னாள். பாண்டியனும் தன் சிலம்பில் முத்து என்றான். உடைத்துப் பார்த்தபோது விடை வெளிப்பட்டது. அவ்விடையை ஏற்றதால்தான் அவன் உயிர் நீங்கிற்று. அவையஞ்சாமை அதிகாரத்தில் வள்ளுவர், அவையில் அஞ்சாது விடை கொடுப்பதற்காகவே நெறியறிந்து அளவை நூலைக் கற்க வேண்டும் என்கிறார்.

கூடலூர் தந்த விடை

இனி வழக்கறிஞர் கொண்டுவந்த தீர்ப்புக்கு வருவோம். கூடலூர்ப் பகுதி 1877இல் மலபாரிலிருந்து நீலகிரியோடு சேர்க்கப்பட்டது. அங்கே நிலம் நிலம்பூர் கோவிலகத்தின் ஜன்ம உரிமையில் இருந்தது. தோட்டக் கம்பெனிகள் குத்தகைக்கு எடுத்தன. பணியரும் குரும்பரும் காட்டுநாயக்கரும் பின்னர் குடியேறியோரும் அம்மண்ணிலேயே வாழ்ந்தனர். இந்த ஜன்ம உரிமையை ஒழிக்கத் தமிழக அரசு 1969இல் கூடலூர் ஜன்மம் எஸ்டேட்டுகள் ஒழிப்புச் சட்டத்தை இயற்றியது. 1972இல் பால்மாடீஸ் தோட்டக் கம்பெனி வழக்கில், காடுகளை அரசு எடுத்துக்கொள்வதற்கான பகுதி செல்லாது என்று உச்ச நீதிமன்றம் கூறிற்று. 1974இல் 34ஆம் திருத்தத்தின் மூலம் அச்சட்டம் அரசமைப்பின் ஒன்பதாம் அட்டவணையில் வைக்கப்பட்டது. அவ்வட்டவணையில் வைத்தால், அடிப்படை உரிமைகளின் பெயரால் நீதிமன்றம் அதைத் தொட முடியாது என்பதே அன்றைய ஏற்பாடு. அதாவது, இதைக் கேட்காதே என்று பூட்டிய பெட்டி அது.

கோயெலோ என்பவர் பெயரால் வழக்கு நடந்தது. 11-1-2007 அன்று ஒன்பது நீதிபதிகள் ஒரே குரலில் தீர்ப்பளித்தனர்: 24-4-1973க்குப் பின் அந்த அட்டவணையில் சேர்க்கப்பட்ட எந்தச் சட்டமும், அது அரசமைப்பின் அடிப்படைக் கட்டமைப்பைச் சிதைக்கிறதா என்ற வினாவுக்கு உட்பட்டதே. யார் நிலம் யாருக்கு என்பதை அத்தீர்ப்பு முடிவு செய்யவில்லை. கேட்கலாம் என்பதே தீர்ப்பு. அவ்வழக்கின் தலைப்பில் கோயெலோவின் பெயரை அடுத்து ‘இறந்தவர், சட்ட வாரிசுகள் மூலம்’ என்ற குறிப்பு இருக்கிறது. கேட்டவர் விடையைக் காணவில்லை. ஆனால் கேள்வி சாகவில்லை. வாரிசுகள் அதை ஏந்தி நின்றார்கள்.

இதை எப்படித் தமிழில் சொல்வது? “சட்டத்தின் செல்லுந்தன்மையைக் கேள்விக்கு உட்படுத்தினார்” என்று சொல்லுங்கள் என்றேன் வழக்கறிஞரிடம். அம்முதியவர் அஞ்சியிருக்க மாட்டார். ஆங்கிலச் சொல்லை அது நிற்கும் இடம் நோக்கிப் பெயர்க்க வேண்டும். காவலர் செய்தால் யாரென வினவுதல். விளையாட்டில் பந்தயத்துக்கு அழைத்தல். திருமறை விளக்கத்தில் நிகர் கொணர அழைத்தல். வீம்புக்குச் செய்தால் மட்டும் சவடால்.

சொல் மாறினால் என்ன குடி முழுகிவிடும் என்று சிலர் கேட்கலாம். ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து நீலகிரிக்கு வந்து குடியமர்ந்த குடும்பத்துப் பெண்மணி ஒருவர். கொழுந்து எடை போடும் இடத்தில், “ஐயா, என் பேரில் எத்தனை கிலோ எழுதினீங்க?” என்று கேட்டாராம். “எனக்கே சவால் விடுறியா?” என்பது அவருக்குக் கிடைத்த மறுமொழி. அவர் கேட்டது ஒரு சுஆல்; கணக்கு எழுதியவர் காதில் அது சவாலாக விழுந்தது. வலியவன் தன்னை நோக்கி வரும் ஒவ்வொரு கேள்விக்கும் ‘சவால்’ என்று பெயரிட்டுவிட்டால், விடை சொல்லும் பொறுப்பிலிருந்து தப்பிக்கொள்கிறான். எளியவன் கேட்பதையே விட்டுவிடுகிறான். இச்செய்தியை அந்த அம்மாள் சொல்லக் கேட்டபோது என் முகம் சிவந்தது. ஐப்பசி இரவில் நான் சொன்னதும் அதே சொல்லன்றோ?

நம் சமுதாயத்துக்குள்ளும் இக்குறை உண்டு. மார்க்கச் சட்டக் கருத்து வேறுபாடுகளில் “பகிரங்கச் சவால்” என்று துண்டுப் பிரசுரம் வருகிறது. மறுவாரம் “சவாலுக்குச் சவால்” வருகிறது. ஜவாப் வருவதில்லை. திருமறையில் “உம்மிடம் வினவுகின்றனர்” என்று தொடங்கும் வசனங்கள் எத்தனை! பிறையைப் பற்றி, மதுவைப் பற்றி, அநாதைகளைப் பற்றி, ரூஹைப் பற்றி மக்கள் கேட்டார்கள். ஒவ்வொன்றுக்கும் “கூறுவீராக” என விடை இறங்கிற்று. தெரிந்தால் துன்பம் தரும் வீண் கேள்விகளைத் தவிர்க்கும்படியும் அதே திருமறை (5:101) எச்சரிக்கிறது. ஆகவே எல்லாக் கேள்வியும் நல்ல கேள்வி என்று நான் சொல்லவில்லை. கேட்பவன் விடையை ஏற்க ஆயத்தமாக இருக்கிறானா என்பதே உரைகல். அவ்வாறு ஆயத்தமாக வருபவனைச் ‘சவால் விடுகிறான்’ என்று விரட்டும் உரிமை ஆசிரியனுக்கும் இல்லை, ஆட்சியாளனுக்கும் இல்லை.

இவற்றையெல்லாம் சொல்லி முடித்தபின், வழக்கறிஞரிடம் அந்தப் பழைய கடனையும் தீர்த்தேன். “அன்று நீங்கள் கேட்டீர்களே, ‘தஹத்தீ’ என்ற சொல் குர்ஆனில் எங்கே என்று, அது குர்ஆனில் இல்லை” என்றேன்.

அவர் தலைதாழ்த்தியபடியே சொன்னார்: “தெரியும் ஹஜ்ரத். மறுவாரமே தேடிப் பார்த்துவிட்டேன்.”

“பின்னே ஏன் என்னிடம் சொல்லவில்லை?”

“சொன்னால் அதையும் சவால் என்று எண்ணிவிடுவீர்களோ என்று பயம்.”

இருபத்தைந்து ஆண்டுகள் ஒரு விடை இருவரிடமும் இருந்தது. இருவருக்கும் இடையில் ஒரு சொல் குறுக்கே நின்றது. இப்போது என்னிடம் ஓதும் பிள்ளைகள் கேள்வி கேட்கும்போது, தெரியாதவற்றுக்கு “தேடிச் சொல்கிறேன்” என்று விடை தருகிறேன். அவ்வாறு தேடிச் சொல்வதற்கென்று ஒரு குறிப்பேடு வைத்திருக்கிறேன். அதன் முதற்பக்கத்தில் இருப்பது அந்த ஐப்பசி இரவின் கேள்வி.